குட்டிக் கொத்தனார்கள்

கரடிப்பாறை அணையில் நீர்க்கசிவு பூஜ்யத்தைத் தொட்ட அன்று, அணை வடிவத்திலேயே ஒரு கேக் செய்து கொண்டுவந்தார்கள். அமைச்சர் கத்தியை எடுத்து அதன் நடுவில் வெட்டினார். அணையை நடுவில் பிளப்பது நல்ல சகுனமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் செயற்பொறியாளர் நம்பிராஜன். அவர் மதகுப் பக்கத்துத் துண்டைத் தட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்.

அணைக்கு நூறு வயது ஆகப்போகிறது. கட்டியவர்கள் போட்ட கணக்கின்படி அது எப்போதோ ஓய்வு பெற்றிருக்க வேண்டும். ஆனால் அரசு ஊழியருக்குத்தான் ஓய்வு வயது உண்டு, அணைக்குக் கிடையாது. சுவரெல்லாம் விரிசல், விரிசலெல்லாம் ஈரம். வல்லுநர்கள் இரண்டு வழி சொன்னார்கள். இனி எப்போதும் பாதித் தண்ணீர் மட்டுமே தேக்குவது ஒன்று. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது இன்னொன்று. பாதியாகக் குறைத்தால் ஏரியின் மேலக்கரையில் மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எதிர்க்கரையில் ‘ஏரி தெரியும் வீடு’ வாங்கியவர்களும் அதே சேற்றைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் பால்கனியிலிருந்து. முதல் வழியில் ஓட்டு போகும், இரண்டாவது வழியில் பணம் போகும் என்பதால் அரசு மூன்றாவது வழி ஒன்றைத் தேடியது. தேடுகிறவர்களுக்கு விற்பதற்கென்றே ஒரு நிறுவனம் இருந்தது. பெயர் ஜீவசிலா.

அதன் பிரதிநிதி நிகில் மேலக்கரைக்கு வந்து கூட்டம் போட்டான். ஓடாத கால்சட்டையும் ஓடும் காலணியும் போட்ட இளைஞன். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே கலங்கல் தண்ணீர்.

“இதுக்குள்ள கோடிக்கணக்கான குட்டிக் கொத்தனார்கள் இருக்காங்க. கண்ணுக்குத் தெரியாத கிருமி. ஆனா நல்ல கிருமி. தண்ணி எங்கே சின்ன இடுக்கு வழியா ஓடுதோ, அங்கே போய் ஒட்டிக்கும். ஒட்டின இடத்துல சுண்ணாம்புக் கல்லா கட்டிக்கிட்டே இருக்கும். அணை தன்னோட காயத்தைத் தானே ஆத்திக்கும்.”

மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவி பேச்சித்தாய் எழுந்தாள். கூட்டங்களில் எழுந்து கேட்பதற்கென்றே சங்கம் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது.

“கொத்தனாருக்குக் கூலி என்ன?”

நிகில் சிரித்தான். “யூரியா. ஏரியில கொஞ்சம் யூரியா தெளிப்போம். அதைத் தின்னுட்டு வேலை பார்க்கும்.”

“அதுகளுக்கு எது விரிசல், எது மதகுன்னு தெரியுமா?”

“மதகுக்குத் தனியா மருந்து பூசிடுவோம்மா.”

“மீனுக்கு ஒண்ணும் ஆவாதே?”

“மீனுக்கு நல்லது. மனுஷங்களுக்கும் நல்லது. எல்லாருக்கும் நல்லது.”

எல்லாருக்கும் நல்லது என்று ஒருவர் சொன்னால் மேலக்கரையில் பொதுவாகக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் மாற்று என்னவென்றால் பாதி ஏரி. ஆகவே கை தட்டினார்கள்.

மருந்து வேலை செய்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஒரே பருவத்தில் கசிவு பாதியாகி, பிறகு கால்வாசியாகி, கடைசியில் நின்றே போனது. அணையின் நுழைவாயிலில் ராட்சத மின்பலகை வைத்தார்கள். ‘கசிவு’ என்ற எழுத்துக்குக் கீழே ஒரு பச்சைப் பூஜ்யம், சினிமா சுவரொட்டி அளவுக்கு. சுற்றுலா வந்தவர்கள் பூஜ்யத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு பெரிய பலகை வேறு எந்த மாநிலத்திலும் இல்லை என்று அமைச்சர் பெருமைப்பட்டார்.

தண்ணீர் பாதுகாப்பானது என்று காட்ட, கேக் வெட்டிய மேடையிலேயே ஆளுக்கொரு தம்ளர் ஏரித் தண்ணீர் குடித்தார்கள். அமைச்சரின் தம்ளரில் மட்டும் முன்கூட்டியே பாட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். நிகில் உதட்டை நனைத்துக்கொண்டான். நம்பிராஜன் முழுவதையும் குடித்தார். அதன் பிறகு தினமும் காலையில் அணைமேல் நின்று ஒரு தம்ளர் குடிக்கும் படத்தை இலாகாவின் இணையப் பக்கத்தில் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அவர் உத்தரவை மீறாதவர். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் மீறிய ஒரே விஷயம் டாக்டர் சொன்ன இனிப்புக் கட்டுப்பாடுதான்.

முதலில் வலைகள் விறைத்தன. காயப்போட்ட வலையை மடித்தால் அப்பளம்போல் நொறுங்கியது. படகின் அடிவயிறு வெள்ளை பூத்தது. பிறகு மேலக்கரைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். பேச்சித்தாயின் கணவர் சங்கிலிமாடன் அவர்களில் ஒருவர். நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கிற மனிதர், நாற்காலியில் உட்கார முடியாமல் வராந்தாச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

மருத்துவமனை டாக்டர் ஷமீமா ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுடன் அணை அலுவலகத்துக்கு வந்தார். டப்பாவை நம்பிராஜனின் மேசையில் கவிழ்த்தார். வெள்ளைக் கற்கள் உருண்டன.

“என்ன மேடம் இது? அணையில இருந்து பேந்ததா?”

“மனுஷங்க சிறுநீரகத்துல இருந்து எடுத்தது சார். உங்க கொத்தனாருங்க கட்டினது.”

நம்பிராஜன் கையை இழுத்துக்கொண்டார்.

“அந்தக் கிருமி யூரியா தின்னும்னு சொன்னீங்கல்ல? நம்ம உடம்புலயும் யூரியா இருக்கு. சிறுநீர்ல தண்ணிக்கு அடுத்தபடியா அதுதான் அதிகம். குடிச்சோ குளிச்சோ ஒருதடவை உள்ள போயிட்டா, அதுக்கு ஏரியும் ஒண்ணுதான் மனுஷனும் ஒண்ணுதான். தீனி இருக்கு, சின்னச் சின்னக் குழாய் இருக்கு, தண்ணி ஓடுது. கட்ட ஆரம்பிச்சிடுது. குளோரின் போட்டாலும் விதை மாதிரி சுருங்கிக் கிடந்துட்டு மறுபடி முளைக்குது.”

“மேடம், இது சுகாதாரத் துறை சம்பந்தப்பட்டது. எங்க துறை சுவரோட முடிஞ்சுது.”

“நீங்க தினமும் குடிக்கீங்களே சார்?”

“எனக்கு ஒண்ணும் இல்லையே,” என்றார் நம்பிராஜன், சற்றுப் பெருமையாகவே.

சுகாதாரத் துறைக்கு விஷயம் போனது. அவர்கள் வேகமாகச் செயல்பட்டார்கள். மேலக்கரையில் விழிப்புணர்வு முகாம் நடத்தி, கல் வருவதற்குக் காரணம் போதிய தண்ணீர் குடிக்காததே என்று விளக்கி, எல்லாருக்கும் பெரிய பெரிய தம்ளர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். மக்களும் சொன்னபடி நிறையக் குடித்தார்கள். ஏரித் தண்ணீரைத்தான். வேறு எது இருக்கிறது?

சங்கிலிமாடன் ஐப்பசிக்கு முன்னால் இறந்துபோனார். இரண்டு சிறுநீரகமும் கல்லாகியிருந்தன. ஷமீமா எவ்வளவோ முயன்றார். கடைசி நாள்களில் சங்கிலிமாடன் பேச்சித்தாயிடம் ஏரியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வலை எப்படி இருக்கிறது, படகைக் கரையேற்றினார்களா, கெண்டை வருகிறதா. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவளும் ஒவ்வொன்றாகப் பொய் சொன்னாள். வாழ்நாளில் அவரிடம் அவள் சொன்ன பொய்களில் இவைதான் சிரமமில்லாமல் வந்தவை.

காரியம் முடிந்த வாரம் நிகில் வந்தான். வருத்தம் தெரிவித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான். “உங்க கணவர்கிட்ட இருந்து எடுத்த கல்லு உங்ககிட்ட இருக்கறதா டாக்டர் சொன்னாங்க. அதை நிறுவனத்துக்குத் திருப்பித் தரணும்மா.”

“திருப்பியா? நீங்களா குடுத்தீய?”

“கல்லுக்குள்ள இருக்கற உயிரி எங்க காப்புரிமை. வெளியில யார்கிட்டயும் இருக்கக்கூடாது.”

“அப்போ அது உங்க கிருமிதான்னு ஒத்துக்கிடுதீய.”

நிகில் வெளியே போய்த் தொலைபேசியில் யாரிடமோ பேசினான். சில நாளில் நோட்டீஸ் வந்தது. ஜீவசிலாவின் பதிவு பெற்ற உயிரியை அனுமதியின்றித் தம் உடலில் வளர்த்ததற்கு விளக்கம் தரும்படி சங்கிலிமாடனுக்கு அனுப்பியிருந்தார்கள். பேச்சித்தாய் அதைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்து, “அவிய வெளியூர் போயிருக்காவன்னு எழுதிக்கிடுங்க” என்றாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

அதன்பின் மேலக்கரை ஏரியை நம்பவில்லை. சங்கம் ஒரு கம்ப்ரசர் டிராக்டரை வாடகைக்குப் பிடித்து, கரையிலேயே பாறையைத் துளைத்துக் கிணறு வெட்டத் தொடங்கியது. எட்டிப்பார்த்தால் கடல்போல் தண்ணீர். அதன் ஓரத்தில் நின்றுகொண்டு ஜனங்கள் தண்ணீருக்குக் குழி தோண்டினார்கள். எதிர்க்கரை பால்கனிகளிலிருந்து இரைச்சல் பற்றிப் புகார் போனது.

நூற்றாண்டு விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது நம்பிராஜன் அலுவலகத்தில் சுருண்டு விழுந்தார். ஷமீமா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இடது சிறுநீரகம் பலூன்போல் வீங்கியிருந்தது.

“சிறுநீர் குறைஞ்சு எத்தனை நாளாச்சு?”

“ரொம்ப நாளாவே கம்மிதான். அடிக்கடி எந்திரிச்சுப் போக வேண்டியதில்ல. நல்லதுதானேன்னு நினைச்சேன்.”

“நல்லதா? சார், வெளிய வரவேண்டியது வரலைன்னா அது காணாமப் போயிடாது. உள்ளதான் நிக்கும். குழாயை அடைச்சாச்சு, ஆனா சிறுநீரகம் ஊத்திக்கிட்டே இருக்கு. பின்னால அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல வலிகூட இருக்காது. அன்னிக்கு நீங்க ‘ஒண்ணும் இல்லையே’ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே…”

நம்பிராஜன் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளிறிப் போனது. ஊசிக்குப் பயப்படுகிறார் என்று ஷமீமா நினைத்தார்.

“டாக்டர், அணைக்கு அடியில வடிகால் துளைங்க இருக்கு.”

“என்னது?”

“எந்த அணைக்கும் அடிப்பாறை வழியா தண்ணி நுழையும். அது கீழ இருந்து அணையைத் தூக்கப் பார்க்கும். அதை வெளியேத்தறதுக்குன்னே அணை வயித்துக்குள்ள ஒரு சுரங்கம் வச்சு, வரிசையா துளை போட்டிருப்பாங்க. கசிவுன்னு நாங்க அளக்கறதுல பாதி அந்தத் துளைங்கள்ல வர்ற தண்ணிதான். அது வந்தாதான் அணைக்கு நல்லது.” அவர் போர்வையை விலக்கினார். “நாங்க பூஜ்யம்னு கேக் வெட்டினோம்.”

அவரைத் தடுத்துப் பார்த்தார் ஷமீமா. அவர் கேட்கவில்லை. சிறுநீர் வடியக் குழாய் செருகிய இடுப்போடு, மருத்துவமனை லுங்கியிலேயே போய்ச் சுரங்கத்தில் இறங்கினார். துளைகள் இருந்த இடமெல்லாம் வெள்ளை மொட்டுகள். முத்துப் பதித்ததுபோல் அழகாக இருந்தது. அழுத்தமானிகளின் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. அணையின் கண்காணிப்புக் கணினி அதை மாதக்கணக்கில் கவனித்துத்தான் வந்திருக்கிறது. கசிவு பூஜ்யமாக இருக்கும்போது அழுத்தம் ஏற வழியில்லை என்று முடிவு செய்து, ‘கருவிக் கோளாறு’ என்று தானே குறித்துத் தானே மூடியிருக்கிறது. மதகுகளை இயக்கிப் பார்த்தார். நிகில் பூசச் சொன்ன மருந்தையும் கொத்தனார்கள் சுண்ணாம்பு வைத்து மூடியிருந்தார்கள். ஒரு மதகும் அசையவில்லை. வடகிழக்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் நின்றது.

தலைமைப் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தார். துளைகளை உடனே திறக்க அனுமதி கேட்டார்.

“திறந்தா பலகையில என்ன காட்டும்?” என்றார் அவர்.

“கசிவு காட்டும் சார்.”

“விழா அன்னிக்கா? நம்பிராஜன், உடம்புக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேன். லீவு போட்டுட்டு ரெஸ்ட் எடுங்க. விழா முடியட்டும், கமிட்டி போடுவோம்.”

நிகிலைக் கேட்டார். துளையிட்டால் உத்தரவாதம் ரத்தாகிவிடும் என்றான் நிகில். அணை உடைந்தால் உத்தரவாதத்தை யாரிடம் காட்டுவது என்று கேட்டார். அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்றான்.

அன்று மாலை நம்பிராஜன் மேலக்கரைக்குப் போனார். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றாள். அவர் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். துளைப்பதற்கு இலாகாவின் இயந்திரத்தைத் தொட முடியாது, உங்கள் டிராக்டர் வேண்டும் என்றார்.

“எங்க வீட்டுக்காரர் செத்தப்போ வந்தீயளா?”

“இல்ல.”

“இப்போ உங்களுக்கு வந்ததும் வந்திருக்கீய.”

“ஆமா.”

அவள் அவருடைய இடுப்பில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். சங்கிலிமாடனுக்கும் இதே பைதான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தொளை போட்டா ஏரி என்னாவும்?”

“அழுத்தம் குறையும். ஆனா பழையபடி நிறைய விடமாட்டாங்க. பாதிதான் நிக்கும். உங்க கரையில தண்ணி இருக்காது.”

“போடாட்டி?”

“இந்த மழைக்கே அணை போயிடலாம். கீழே ஊருங்க இருக்கு.”

“அணை போனா எங்க தண்ணியும் போவுமே சார். எப்படியும் போறதுன்னா ஆளைக் கொல்லாம போவட்டும்.” கம்ப்ரசர் ஓட்டுநரிடம் திரும்பினாள். “அண்ணாச்சி, வண்டிய நிப்பாட்டுங்க. வேற எடத்துல வேலை இருக்கு.”

விழா நாளில் அணைக்கு மேலே அத்தனை அதிகாரிகளும் அமைச்சரைச் சுற்றி நின்றார்கள். கீழே சுரங்க வாசலில் ஒரு காவலாளி. நம்பிராஜன் அடையாள அட்டையைக் காட்டி, பராமரிப்பு வேலை என்றார். அவருடைய கடைசி அலுவலகப் பொய் அது. டிராக்டரை வாசலில் நிறுத்தி, காற்றுக் குழாயை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். மேலே நையாண்டி மேளம். உள்ளே துளைக் கருவியின் அலறல். மேளம் ஜெயித்தது.

முதல் துளையில் வெள்ளைத் தூள் பறந்தது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு கருவியையே பிடுங்கி எறிவதுபோல் தண்ணீர் பீறிட்டு, பேச்சித்தாயைச் சுவரோடு தள்ளியது. அவள் வழுக்கி விழுந்து எழுந்தாள். “வந்துட்டு! வந்துட்டு சார்!” நம்பிராஜன் நனைந்த லுங்கியோடு அழுத்தமானியின் முன்னால் நின்றார். முள் இறங்கத் தொடங்கியது. அடுத்த துளை, அதற்கடுத்தது. முழங்கால் வரை தண்ணீர் ஓடியது. அவர் அழுதுகொண்டிருந்தார். தண்ணீரில் அது தெரியவில்லை.

மேலே அமைச்சர், “பூஜ்யம் என்பது நம் முன்னோர் உலகுக்குத் தந்த கொடை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பலகையில் பூஜ்யம் ஒருமுறை சிமிட்டியது. பிறகு ஓர் எண் வந்தது. அது ஏறத் தொடங்கியது. அதிகாரிகளின் முகம் இறங்கத் தொடங்கியது. நிகழ்ச்சித் தொகுப்பாளினி கெட்டிக்காரப் பெண். மைக்கைப் பிடித்து, “பாருங்கள், கரடிப்பாறையின் புகழ் ஏறிக்கொண்டே போகிறது!” என்றாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. எண் ஆயிரத்தைத் தாண்டியபோது அமைச்சரும் கை தட்டினார்.

மழை வந்தது. பத்து நாள் விடாமல் கொட்டியது. ஏரி விளிம்புவரை ஏறி, நுரைத்து, வழிந்தது. அணை நின்றது. அது நின்றதுதான் நம்பிராஜனுக்கு வினையாகிவிட்டது.

“அணை உடைஞ்சிருந்தா நீங்க சொன்னது சரின்னு ஒத்துக்கலாம்,” என்றார் விசாரணை அதிகாரி. “உடையலையே?”

“துளை போட்டதாலதான் சார் உடையல.”

“அதுக்கு என்ன ஆதாரம்?”

“துளை போடாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“அந்த வாய்ப்பைத்தான் நீங்க கெடுத்துட்டீங்களே.”

நூற்றாண்டுச் சின்னத்தைச் சேதப்படுத்தியது, பூஜ்யத்தைக் குலைத்தது, பதிவு பெற்ற உயிரிகளைக் கொன்றது ஆகிய குற்றங்களுக்காக அவரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். யார் உதவினார்கள் என்று கேட்டதற்கு, தனியாகத்தான் செய்தேன் என்றார். இடுப்பில் பையோடு டிராக்டரின் காற்றுக் குழாயை எப்படித் தனியாக இழுத்தீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. டெல்லியிலிருந்து வந்த குழு எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டு, கசிவு இருக்கும்வரை பாதித் தண்ணீர்தான் தேக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனது. நூறு வயது அணைக்கு முதலில் சொன்ன வைத்தியமும் அதேதான். இடையில் மேலக்கரையில் பதினேழு பேர் செத்திருந்தார்கள்.

மதகுகளின் சுண்ணாம்பை உடைத்துத் திறந்தார்கள். ஏரி பின்வாங்கியது. மேலக்கரைக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கரிய வண்டல். எதிர்க்கரை வீடுகளில் ‘விற்பனைக்கு’ பலகைகள் தொங்கின. நூறு ஆண்டு வண்டல் அது. மேலக்கரைக்காரர்கள் கையால் அள்ளிப் பார்த்துவிட்டு உளுந்து விதைத்தார்கள். தழைத்துக்கொண்டு வந்தது. பிறகுதான் வருவாய்த் துறையிலிருந்து ஆள் வந்து, இது பதிவேட்டின்படி நீரில் மூழ்கிய நிலம், மூழ்கிய நிலத்தில் பயிர் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்றார். மீன் குத்தகை மட்டும் செல்லும். அதையும் தொடர்ந்து மீன் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் நிலம் வேறு யாருக்கோ போய்விடும்.

அறுவடைக்கு முந்தின வாரம் மீன்வளத் துறை ஆய்வாளர் வந்தார். ஒரு சிறுநீரகத்தோடும் முடியாத விசாரணையோடும் இருந்த நம்பிராஜன், அன்று பேச்சித்தாயோடு வரப்பில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டியபடி உளுந்துக் காட்டின் நடுவே நடந்து வந்தார். உச்சி வெயில். வேர்வை சொட்டியது.

“சார், அந்தச் சட்டையக் கழத்திப் போடுங்களேன். புழுங்கிச் சாவப்போறீய,” என்றாள் பேச்சித்தாய்.

“ஏரிக்குள்ள கழட்டக்கூடாதும்மா. ரூல்ஸ்.” அவர் திரையைத் தட்டித் திறந்தார். “மீன் வகை?”

“உளுந்து.”

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். நம்பிராஜனைப் பார்த்தார். நம்பிராஜன் மோர்த் தம்ளருக்குள் பார்த்தார்.

“உளுந்து… தானா வந்ததா, வளர்த்ததா?”

“வளத்ததுதான்.”

அவர் பதிந்துகொண்டார். வலைச்சேதம், படகுச்சேதம் எல்லாம் கேட்டார். விபத்தில் யாராவது இறந்தார்களா என்று கேட்டபோது பேச்சித்தாய் தம்ளரைக் கீழே வைத்தாள். “இந்த வருசம் இல்ல,” என்றாள்.

வேலை முடிந்து ஆய்வாளர் இன்னும் இரண்டு படம் எடுக்க வேண்டுமென்று செடிகளை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

“சார், பார்த்து. அந்தப் பக்கம் ஆழம்,” என்றாள் பேச்சித்தாய்.

அவர் சட்டென்று இரண்டடி பின்வாங்கினார்.